கடலுக்குப் போன லாரி எஞ்சின்

திருவேற்காட்டில் கடல் இல்லை. கூவம் இருக்கிறது, அதுவும் மழைக்காலத்தில்தான் ஆறு என்று சொல்லும்படி இருக்கும். சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயில் இருக்கிறது. சூதாடி வென்ற பணத்தில் சிவனடியார்களுக்குச் சோறு போட்ட மூர்க்க நாயனார் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆடி மாதத்தில் கருமாரியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை திணறும். இங்கிருந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக, சென்னையை மேற்கிலிருந்து கிழக்காக முழுதும் கடக்க வேண்டும். ஆனாலும் தமிழ்நாட்டுப் படகின் வயிற்றில் எஞ்சின் ஏறிய கதையைச் சொல்ல, கடற்கரையைவிட இந்த ஊர்ப்பக்கமே நல்ல தொடக்கம். வடக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதையொட்டிப் பாடி, வடமேற்கில் ஆவடி, தெற்கே லாரிகள் ஓயாத பெங்களூர் சாலை. இந்த வட்டத்துக்குள் உள்ள உலைகளும் லேத்துகளும் இல்லாமல் காசிமேட்டு விசைப்படகு இன்றைய நிலைக்கு வந்திருக்காது.

காரணம் எளிது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் பல பத்தாண்டுகளாக ஓடிய படகு எஞ்சின்களில் பெரும்பங்கு கடலுக்கென்று பிறந்தவை அல்ல. லாரிக்கும் பேருந்துக்கும் வார்க்கப்பட்ட எஞ்சின்கள் அவை. சாலையில் உழைத்துத் தேய்ந்து, பிரித்து மறுபடி கட்டப்பட்டு, இரண்டாம் பிறவியாகக் கடலுக்குப் போனவையும் அவற்றில் ஏராளம்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்த விந்தையில்லை. அமெரிக்காவின் கிரே மரைன் நிறுவனம் மற்றவர்கள் செய்த மோட்டார் எஞ்சின்களை வாங்கி, கடலுக்கு ஏற்ப மாற்றி விற்றே பெயர் வாங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் கொண்டுவந்த 6-71 டீசல் எஞ்சின் பேருந்தில் ஓடியது, லாரியில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் அதையே கிரே மரைன் படகு எஞ்சினாக்கி, வீரர்களைக் கரையிறக்கும் ஹிக்கின்ஸ் படகுகளில் வைத்தது. அதே எஞ்சின் இரண்டை இணைத்து ஷெர்மன் டாங்கியின் ஒரு வகைக்குள்ளும் பூட்டினார்கள். இங்கிலாந்தில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932இல் பீட்டர்பரோவில் தொடங்கிய தொழிற்சாலையின் பி6 எஞ்சினும் லாரி, படகு இரண்டிலும் ஓடியது. எஞ்சினுக்குத் தரை, தண்ணீர் என்ற பேதம் கிடையாது. அதைக் குளிர்விக்கும் முறையிலும் சுமை ஏறும் விதத்திலும்தான் பேதம்.

சென்னையில் இந்த இரண்டு உலகமும் ஒரே ஆளிடம் சந்தித்த ஒரு தருணம் உண்டு. சென்னைத் துறைமுகத்தைச் சீரமைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குத்தான் எம்.சி. 1 என்ற பதிவு எண் கிடைத்தது. 1911இல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் அவர்தான். கார் வைத்திருந்தவர், பாய்ப்படகு வைத்திருந்தவர் இருவரும் அன்று வெள்ளைக்காரர்கள் அல்லது ஜமீன்தார்கள். ஆனால் அந்தக் கார்களுக்கு அடியில் படுத்துக் கைகருத்தவர்கள் சென்னைக்காரர்கள். மவுண்ட் ரோட்டுக் கம்பெனிகளின் பட்டறைகளில் இருந்த தச்சர்களும் கொல்லர்களும்தான் மோட்டார் வேலையின் முதல் தலைமுறை.

அந்தக் கம்பெனிகளில் மூத்தது சிம்சன். 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து மதராஸ் தெருவில் ஓட்டினார். இரண்டு ஆண்டுகளில் பெஜவாடாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே சிம்சனின் நீராவிப் பேருந்து ஓடத் தொடங்கியது. குதிரை வண்டிக்குப் பட்டை அடித்த கை, கொதிகலனுக்கு ரிவிட் அடிக்கப் பழகியது. யாரும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பொருள் பழுதானபோது அதைத் திறந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் அந்தப் படிப்பைக் கட்டாயமாக்கியது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து விற்க, பேருந்துகள் முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. கரிவாயுவில் சாம்பலும் தூசும் கலந்து வரும். வடிகட்டி சரியில்லாவிட்டால் சிலிண்டரும் பிஸ்டன் வளையமும் சீக்கிரம் தேயும். கப்பலில் உதிரிப்பாகம் வராத காலம் வேறு. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, ஸ்லீவ் போடுவது, உடைந்த வார்ப்பைப் பித்தளை வைத்து ஒட்டுவது என்று பட்டறைகள் பிழைத்தன. எஞ்சினைத் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கலாம் என்ற எண்ணமே தென்னிந்தியாவில் அப்போது உருவாகவில்லை. பின்னாலும் நெடுங்காலம் உருவாகவில்லை.

கடற்கரையின் நிலை வேறாக இருந்தது. சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியில் 1907இல் மதராஸ் மீன்வள அமைப்பு பிறந்தது. 1920களின் இறுதியில் 'லேடி கோஷன்' என்ற இழுவைக் கப்பல் சோழமண்டலக் கடலில் மீன்வளம் தேடிச் சுற்றியது. ஆனால் மீனவரின் கையில் இருந்தது கட்டுமரம். அதை ஏளனமாகப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடற்கரையைத் தெரியாது. பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அலை உடையும் மணற்கரைதான். அந்த அலையை வெட்டிக்கொண்டு போய் அதே அலையின் முதுகில் ஏறித் திரும்பி வர, மூழ்கவே முடியாத, கட்டவிழ்த்து உலர்த்தக்கூடிய கட்டுமரத்தைவிடப் பொருத்தமான கலம் இல்லை. அதில் எஞ்சினை எங்கே வைப்பது? வைத்தாலும், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பல்லர் மணலில் மோதி வளைந்து போகுமே?

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த திட்டக்காரர்கள் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டார்கள். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்தன. கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களில் எஞ்சின் பூட்டும் எண்ணம் சரிப்படாமல், புது வடிவில் சிறு விசைப்படகுகள் வந்தன. 1960களில் திட்டத்தின் கிளை ஒன்று மண்டபத்துக்கும் வந்தது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் பாக் நீரிணை அமைதியான கடல். படகை நங்கூரமிட்டு நிறுத்தலாம். விசைப்படகு அங்கே வேரூன்றியதற்கு நார்வேக்காரர்களைவிட அந்தக் கடலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அலைக்கரைக்கு வழி தேடும் வேலை 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் அந்தத் திட்டத்தில் பணியாற்றிய படகு வடிவமைப்பாளர் ஆய்விண்ட் குல்பிரான்சன் குழு, கரை நெருங்கும்போது புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் 'பாப் டிரைவ்' என்ற அமைப்பை உருவாக்கியது. கெட்டிக்காரத்தனமான பொறி. ஆனால் கடற்கரையின் பெரும்பகுதி வேறு வழியில் போய்விட்டது: சிறு படகுகளில் வெளியே மாட்டும் மோட்டார், பெரிய படகுகளுக்குத் துறைமுகம்.

துறைமுகம் வந்த இடத்தில் இழுவை மடி வந்தது. இழுவை மடி வந்ததும் பத்துக் குதிரைசக்தி போதாது என்றாகிவிட்டது. இறால் ஏற்றுமதிக்குப் போகத் தொடங்கிய 1960களிலிருந்து படகுகள் பெரிதாகிக்கொண்டே போயின. வெளிநாட்டுப் படகு எஞ்சின் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். வாங்கினாலும் ஒரு வால்வு உடைந்தால் அடுத்த வால்வுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராயபுரத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் எண்ணூர்.

எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம் முதலில் ஆஸ்டின் கார்களைக் கூட்டி முடுக்கியது. பிறகு பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் எஞ்சின்களுக்குப் பெயர் இல்லை, எண்தான்: 370, 400, 680. எண் என்பது எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். 370 என்றால் ஏறத்தாழ ஆறு லிட்டர். 680 என்றால் பதினொரு லிட்டர். தமிழ்நாட்டுச் சாலையில் ஓடிய பேருந்துகளில் பெரும்பாலானவை இவற்றின் உறுமலோடுதான் ஓடின. நிறுவனமே கடலுக்கென்று ஏ.எல்.எம். வரிசையைச் செய்து விற்றது. புது எஞ்சின் வாங்க முடியாதவர்கள் ஏலத்தில் போன பேருந்தின் எஞ்சினைத் தேடினார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காலாவதியான பேருந்துகளை ஏலம் விடும், உடைப்பவர்கள் எடுப்பார்கள், சட்டம் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று பிரியும். அப்படிப் பிரிந்தவை குவியும் இடங்களில் பேர்போனது கூவம் கரையில் இருக்கும் புதுப்பேட்டை.

எஞ்சின் மட்டும் இருந்தால் போதுமா? அதை மறுபடி கட்ட உள்ளுறுப்புகள் வேண்டும். அங்கேதான் சென்னையின் மேற்கும் வடமேற்கும் கதைக்குள் வருகின்றன. அமால்கமேஷன்ஸ் குழுமத் தலைவர் அனந்தராமகிருஷ்ணனின் காலத்தில் செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. அதே வளாகப் பகுதியில் சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினைச் செய்யத் தொடங்கியது. பெட்ரோல் லாரிகளின் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு இந்த டீசலை ஏற்றிக்கொள்வது அப்போது பெரிய போக்கு. 1959இல் ரானே குழுமத்தின் எஞ்சின் வால்வ்ஸ். 1961இல் பைமெட்டல் பேரிங்ஸ். பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று 1960க்கும் 1962க்கும் இடையில் வரிசையாகக் கொட்டகைகள் எழுந்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் லூகாஸிலிருந்து. போல்ட்டும் நட்டும் சுந்தரம் ஃபாஸனர்ஸிலிருந்து. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இந்தப் பெரிய ஆலைகளுக்குச் சிறு பாகங்கள் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகளால் நிரம்பியது.

ஆவடி தனி ரகம். அங்கே 1961இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கி 1965 முதல் வெளிவந்தது. அதற்குள் இருந்த எல்60 எஞ்சினும் லேலண்டின் வடிவமைப்புதான்: ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும் விசித்திரம். எண்ணூரில் பேருந்துக்கும் ஆவடியில் டாங்கிக்கும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் மூளை வேலை செய்துகொண்டிருந்தது. டாங்கி எஞ்சினுக்கென்றே 1987இல் ஆவடியில் தனித் தொழிற்சாலை வந்தது. இந்த ஆலைகளில் ஐ.டி.ஐ. படித்துச் சேர்ந்தவர்களும், அவர்களிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்தவர்களும் குடியேறிய ஊர்கள்தான் திருவேற்காடு, அயனம்பாக்கம், அத்திப்பட்டு, நொளம்பூர். ஏரியும் வயலுமாக இருந்த இடங்கள் மனைகளாகப் பிரிந்தன. வீட்டின் முன்பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், பின்பக்கம் குடும்பம். எஞ்சினை வீட்டில் வைத்துக் கட்டுவது மேல்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே அது திங்கள் முதல் சனி வரை நடக்கும் பிழைப்பு.

அந்தப் பிழைப்பின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

'எஞ்சின் இறக்கணும்' என்று மெக்கானிக் சொன்னால் முதலாளியின் முகம் வாடும். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு வெளியே எடுத்து, ஹெட்டைக் கழற்றி, ஆயில் சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனும் கனெக்டிங் ராடும் ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாமும் டீசலில் ஊறும். கழுவுவது புதிதாகச் சேர்ந்த பையனின் வேலை. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பதை அவன் கற்பது அந்தத் தட்டில்தான். பிறகு அளவெடுப்பு. சிலிண்டர் லைனர் மேல்பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், கீழே குறைவு. வட்டமாக இருந்தது நீள்வட்டமாகியிருக்கும். கிராங்க் ஷாஃப்டின் ஜர்னல்களை மைக்ரோமீட்டரில் பார்த்து, தேய்மானம் இருந்தால் கிரைண்டிங்குக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைத்தால் 'பத்து சைஸ்', அடுத்த முறை 'இருபது', அதற்கடுத்து 'முப்பது'. அதே அளவில் பேரிங்கும் கடையில் கிடைக்கும். ஒரு கிராங்குக்கு எத்தனை ஆயுள் மிச்சம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். நாற்பதைத் தாண்டினால் யாரும் நம்பி வாங்க மாட்டார்கள்.

மூத்த மேஸ்திரிகள் கற்ற காலத்தில் இந்தச் சௌகரியம் இல்லை. பேரிங் என்பது கடையில் வாங்கும் மெல்லிய தகடு அல்ல. ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி, பேரிங் கூட்டில் ஊற்றி, ஆறவைத்து, கடைந்து, கடைசியில் கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். கிராங்கில் நீலச் சாயத்தை மெல்லத் தடவி, பேரிங்கில் உட்காரவைத்துச் சுற்றினால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடத்தை ஸ்க்ரேப்பரால் சுரண்டி, மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். முழுப்பரப்பிலும் நீலம் சீராகப் படும்வரை இது ஓயாது. மெல்லிய தகட்டு பேரிங்குகள் பரவலானதும் நாள்கணக்கான அந்தக் கைவேலை போயிற்று. கைவேலை போனதை எண்ணி இன்று கண் கலங்குபவர்கள், அதைச் செய்தவர்களின் முதுகைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வால்வுக்கு வேறு கதை. உட்காரும் இடத்தில் பேஸ்ட் தடவி, உறிஞ்சுகுச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் விழும். வளையம் அறுபடாமல் இருந்தால் காற்று கசியாது. இன்ஜெக்டர் நாசிலைத் தனி மேசையில் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். பனிபோல் சிதற வேண்டும், சொட்டக் கூடாது. பம்ப் வேலை தெரிந்தவர்கள் தனி ஜாதி. பொது மெக்கானிக் பம்ப்பின் சீலை உடைக்க மாட்டார். அதை எடுத்துக்கொண்டு பம்ப் கடைக்குப் போவார். ஒரே எஞ்சின் இப்படி நாலைந்து பட்டறைகளுக்குப் பிரிந்து போய், திரும்பி வந்து ஒன்றாகும். இந்தப் பட்டறைகள் எல்லாம் ஒரு ஆட்டோ ஓடும் தூரத்துக்குள் இருப்பதே பாடி, அம்பத்தூர் பக்கத்தின் பலம்.

இதுவரை லாரிக்கும் படகுக்கும் வேலை ஒன்றுதான். கடலுக்குப் போகும் எஞ்சினுக்கு இதற்கு மேல் சில வேலைகள் உண்டு. லாரி எஞ்சின் ஏறும், இறங்கும், சிக்னலில் மூச்சு வாங்கும். படகு எஞ்சினுக்கு அந்தச் சலுகை இல்லை; மடி இழுக்கும்போது மணிக்கணக்கில் ஒரே வேகம், ஒரே சுமை. புரொப்பல்லர் விழுங்கும் சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே சுமை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே கவர்னரைத் திருகி, சாலையில் ஓடிய வேகத்தைவிடக் குறைத்து வைப்பார்கள். ரேடியேட்டருக்குப் படகில் வேலை கிடையாது. எதிர்க்காற்று உள்ளே வராது. கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால் சுமார் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக விடக்கூடாது. மீறினால் உப்பு படிந்து நீர்வழி அடைபடும். அவ்வளவு குளிர்ச்சியாக ஓடும் டீசல் எஞ்சின் முழுதாக எரிக்காது, ஆயிலும் கெடும். அதனால் நல்ல தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்ற, அந்தத் தண்ணீரைக் கடல்நீர் வெளியிலிருந்து குளிர்விக்கும் ஏற்பாடு. அல்லது படகின் அடியில் குழாயை ஓட்டி, கடலையே ரேடியேட்டராக்கிக்கொள்வது. உப்பு இரும்பைத் தின்னாமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தின்பதற்கென்றே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள்.

எஞ்சினைப் படகில் உட்காரவைப்பதுதான் கடைசிப் பரீட்சை. எஞ்சினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை விட்டுச் சுற்றிலும் அளந்தால் வித்தியாசம் தலைமயிர் அளவுக்குள் நிற்க வேண்டும். மரப்படகு கரையில் ஒரு உருவத்தில் இருக்கும், தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி, எடை மாறி, சற்று வளையும். கரையில் பார்த்த கணக்கு தண்ணீரில் பொய்க்கும். அதனால் அனுபவசாலிகள் படகை இறக்கி ஓரிரு நாள் ஊறவிட்டே போல்ட்டைக் கடைசியாக இறுக்குவார்கள்.

இதே சிக்கல்தான் தூத்துக்குடித் தோணிக்கும் வந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன அந்தப் பெரிய மரக்கலங்கள் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை பாய் விரித்தே ஓடின. பாக் நீரிணையின் மறுகரையிலும் அந்த மரபு வலுவாக இருந்தது: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கிப் பெயர் மாற்றிக் கொண்டுபோக, வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிய அந்தக் கப்பல் 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தூத்துக்குடித் தோணிகளுக்கு டீசல் எஞ்சின் ஏறியபோது, ஏராவோடு சேரும் பின்புறக் கனத்த மரத்தைத் துளைத்து ஷாஃப்டுக்கு வழி செய்தார்கள். பாய்க்கென்று கட்டிய உடலில் எஞ்சின் அதிரும்போது ஆணியும் கலப்பற்றும் தளரும். அதற்குத் தகுந்தபடி எஞ்சினுக்கு அடியில் நீண்ட கட்டைகளைப் போட்டுப் பாரத்தைப் பரப்ப வேண்டியிருந்தது. தோணியை நடத்தும் தண்டல்களில் பலர் எஞ்சின் வந்த பிறகும் பாயைக் கழற்ற விடவில்லை. எஞ்சின் நின்றால் கடலில் தள்ளிவிட ஆள் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பாய்ப்படகுக்குள் துணை எஞ்சின் என்றால் மேல்நாட்டில் உடனே நினைவுக்கு வருவது அடாமிக் ஃபோர். விஸ்கான்சினில் யுனிவர்சல் மோட்டார் கம்பெனி 1947 முதல் 1984 வரை செய்த நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் அது. முப்பது குதிரைசக்தி, சுமார் 40,000 எஞ்சின்கள். அவற்றை வீட்டுக் கொட்டகையில் பிரித்துக் கட்டுவோர் இன்றும் உண்டு. பெட்ரோல் ஆவி படகின் அடிவயிற்றில் தேங்கி வெடிக்காமல் இருக்க, ஸ்டார்ட் செய்யுமுன் விசிறி போட்டு வெளியேற்ற வேண்டும் என்ற பயம் அதில் எப்போதும் இருந்தது. தமிழ்நாட்டில் டீசலே வென்றதால் அந்தப் பயம் நமக்கு வாய்க்கவில்லை. அதன் பின்வந்த பாய்ப்படகுகளில் பெயர் வாங்கிய பெர்கின்ஸ் 4.108, செம்பியத்தில் சிம்சன் செய்த பி6இன் தம்பி முறை.

இங்கே எஞ்சின் கட்டுவதற்கு ஒரு பருவமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளானது: ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. மீன் முட்டையிட என்று விட்ட காலம், படகுக்கு மராமத்துக் காலமாகிவிட்டது. காசிமேட்டில் படகுகள் கரையேறும். தச்சர் ஒரு பக்கம், பெயின்டர் ஒரு பக்கம், நடுவே எஞ்சின் அறையின் கூரையைத் திறந்துவிட்டு மெக்கானிக்குகள். கிராங்க் கிரைண்டிங் கடைகளில் அந்த இரண்டு மாதம் லாரிக்காரனுக்கும் படகுக்காரனுக்கும் இழுபறி. லாரியில் புது எஞ்சின் ஏறினால் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரருக்கு எலுமிச்சம்பழம். படகுக்கு அந்தந்தக் குப்பத்து அம்மன். படித்துச் சான்றிதழோடு வருபவர்களும் உண்டு: 1963இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடிக் கடல்சார் பயிற்சி நிறுவனம் 1968இல் ராயபுரத்திலும் கிளை திறந்து, படகு எஞ்சின் ஓட்டுநர்களை உருவாக்கியது. ஆனால் பெரும்பாலான கைகள் இன்றும் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த கைகள்தான்.

அண்மைக் காலத்தில் இந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. அதிகக் குதிரைசக்தி கொண்ட சீன எஞ்சின்கள் காசிமேட்டுக்கு வந்தபோது, மற்றப் படகுக்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். தமிழ்நாட்டு விதிகள் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைசக்தி என்று எல்லை வைத்திருக்கின்றன. சாலைப் பக்கம் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புது லாரி எஞ்சினில் எரிபொருளைப் பங்கிடுவது கம்ப்யூட்டர். உப்புக்காற்றில் அதன் சென்சர்களும் வயர்களும் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் காசிமேட்டில் யாரும் சோதித்துப் பார்க்க அவசரப்படவில்லை. இயந்திரப் பம்ப் வைத்த பழைய எஞ்சினுக்கு அதனால் மவுசு கூடியிருக்கிறது.

அந்தப் பழைய எஞ்சின் வரும் வழியும் குறுகுகிறது. மத்திய அரசின் விதிப்படி 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவு புதுப்பிப்பு கிடையாது. அவை பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்குப் போக வேண்டும். அரசுப் பேருந்தும் இதில் அடக்கம். ஏலத்தில் எடுத்து, பிரித்து, கிராங்குக்கு எத்தனை சைஸ் மிச்சம் என்று பார்த்து வாங்கிய சந்தை இது. அரசுப் பேருந்து அந்த மையங்களுக்குப் போய்விட்டால், படகுக்காரருக்கு மிஞ்சுவது தனியார் லாரிகளின் எஞ்சின்கள்தான். அம்பத்தூர்ப் பக்கத்து கிரைண்டிங் கடைகளில் இப்போதைக்கு வேலை குறையவில்லை. ஒரு முறை முப்பது சைஸ் ஓட்டிவிட்ட கிராங்கைக் கூடத் தூக்கிப்போடாமல், ஜர்னலில் உலோகத்தைத் தெளித்துப் பருமனாக்கி மறுபடி முதல் அளவுக்குக் கொண்டுவரும் வேலைக்கும் ஆள் இருக்கிறது. கிராங்குக்குக் கிராங்க் விலை பேசி, அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள் கடலோரத்து ஆட்கள்.